படுத்த கோடு, நிமிர்ந்த கோடு

எங்கள் வீட்டு மூத்த மருமகள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். இளையவளான நான் அதே கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். வீட்டில் நாங்களும் அப்படித்தான். ஆனால் அவள் நேர்மையைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், பாராட்டித் தொலைத்துவிடுவேன்.

வேனில் ஒரு கருவி உண்டு. வேன் போன தூரத்தை அது மாலையில் என் கணினியில் கோடாக வரைந்து காட்டும். கீழே நேரம், பக்கவாட்டில் தூரம். சாவி கொடுக்க வரும்போதெல்லாம் அக்கா அதை எட்டிப் பார்ப்பாள். "இன்னைக்கு ஒரே சீரா ஏறியிருக்கு" என்று தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொள்வாள்.

ஒருநாள் புகார் வந்தது, வேன் பறந்ததாம். நாற்பதைத் தாண்டினால் வேலை கிடையாது என்பது முதலாளியின் சட்டம். அவள் கணவர் இடுப்பு முறிந்து படுத்திருந்த நேரம் அது.

முதலாளி நல்ல மனிதர். வரைபடம் என்றால் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. அன்றைய கோட்டை மேசையில் விரித்தார். "இங்க படுத்திருக்கு, சமதரை. அப்புறம் நிமிர்ந்து ஏறுது, மேட்டு ரோடு. மேட்டுல வேன் எப்படிப் பறக்கும்? புகார் பொய்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் மேசைக்கடியில் அக்காவின் காலை மிதித்தேன்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "இது ரோட்டோட படம் இல்ல சார். படுத்த இடத்துல வேன் நின்னுட்டிருந்துச்சு. நேரம் போச்சு, தூரம் கூடல. ஒரு குழந்தையைக் கூட்டிட்டுப் போக ஆள் வரல, காத்திருந்தேன். விட்ட நேரத்தைப் பிடிக்கணும்னு அப்புறம் அழுத்திட்டேன், அதான் நிமிர்ந்திருக்கு. ரெண்டு நிமிஷத்துல ரெண்டு கிலோமீட்டர். அறுபதுல போயிருக்கேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "தப்பிச்சிருக்கலாமேம்மா. ஏன் சொல்றீங்க?"

"பின்னாடி அத்தனை பிள்ளைங்க உக்காந்திருந்தாங்க சார்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கடைசியில் முதலாளி தன் சட்டத்தைக் கொஞ்சம் வளைத்தார், வேலை போகவில்லை. ஒரு மாதம் அரைச் சம்பளத்தில் வேன் கழுவினாள், முணுமுணுக்காமல்.

இப்போது மறுபடி ஓட்டுகிறாள். அந்தக் குழந்தையின் வாசலில் கோடு இன்னமும் அவ்வப்போது படுக்கிறது. அதற்குப் பிறகு பழைய சாய்விலேயே ஏறுகிறது, ஒரு இம்மிகூட நிமிர்வதில்லை. அந்த நாட்களில் அவள் வீட்டுக்கு வர நேரமாகிவிடும். ஆறிப்போன சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே சூடு பண்ணிக் கொடுப்பது நான்தான்.