ஏழரை முதல் ஒன்பது வரை

பாரிசின் லா ஷப்பலில் நான் வேலை செய்யும் தமிழ் மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு தினசரிக் கலண்டர் தொங்குகிறது. காலையில் கடை திறந்ததும் தாளைக் கிழிப்பது என் வேலை. ஒரேயொரு திங்கட்கிழமைத் தாளை மட்டும் நான் குப்பையில் போடவில்லை. அது என் கைப்பையில் நாலாய் மடிந்து கிடக்கிறது. ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்று அதில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது.

என் அண்ணை பாரிசிலிருந்து ரயிலில் நாலு மணி நேரம் போகவேண்டிய ஒரு கிராமத்தில் மாட்டுப் பண்ணையில் வேலை செய்தார். அவருடைய அகதி விண்ணப்பத்தை ஒருமுறை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டைக் கேட்க முழு பிரான்சுக்கும் ஒரே ஒரு நீதிமன்றம்தான், அதுவும் பாரிசுக்குப் பக்கத்தில். திங்கள் பின்னேரம் இரண்டு மணிக்கு விசாரணை என்று கடிதம் வந்தது. அதற்கு முதல் நாள் அண்ணை கடைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"என்னடி வாயாடி, விசாரணைக்கு என்ன சேட்டு போட? எல்லாத்திலயும் மாட்டு மணம்."

"நீல சேட்டைப் போடுங்கோ. எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள்?"

"பால் கறந்து முடிய ஏழரை தாண்டும். எட்டு மணிக்கு பஸ்."

நான் திரும்பிக் கலண்டரில் திங்கட்கிழமைத் தாளைத் தூக்கிப் பார்த்தேன். இன்றைக்கும் நினைத்தால் கழுத்து வலிக்கிறது.

"ஐயோ அண்ணை, அது ராகுகாலம். ஒம்பது கழிச்சு வெளிக்கிடுங்கோ. அடுத்த பஸ் வரும்தானே?"

"ஓம், நீ சொன்னால் சரி. பால் லொறியிலயெண்டாலும் வாறன்" என்றார். வேலை செய்யும் லா ஷப்பலையும் குடியிருக்கும் சார்செல்லையும் விட எனக்கு வேறு இடம் தெரியாது. இங்கே ஒரு மெத்ரோ ரயில் போனால் நாலு நிமிடத்தில் அடுத்தது வரும். காலையில் ஒரேயொரு பஸ் ஓடும் ஊரும் இந்த நாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த நாள் ஒரு மணியிலிருந்து நீதிமன்ற வாசலில் நின்றேன். இரண்டு மணிக்கு உள்ளே போய் உட்கார்ந்ததும் அண்ணையின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பி நின்றேன். அண்ணையின் வழக்கறிஞர் என்னைப் பார்த்துத் தலையாட்டி இருக்கச் சொன்னார். சுவர் மணிக்கூட்டின் முள் நகரும் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார்கள். அண்ணை வந்தபோது நாலரை. நீல சேட்டு வேர்வையில் நனைந்திருந்தது. பூட்டிய கதவைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல நேரத்திலதான் வெளிக்கிட்டனான்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

மறுப்புக் கடிதம் வந்தது. இனி இங்கே இருக்க ஏலாது என்று, ஒரு ஏஜென்டின் பேச்சை நம்பி, மாசி மாதக் குளிரில் எல்லை கடக்க ஒரு லொறிக்குள் ஏறினார். உயிரோடு இறங்கவில்லை. அந்தச் செய்தியும் இதே தொலைபேசியில்தான் வந்தது.

போன கிழமை அண்ணையின் முதலாளியான பண்ணைக்கார மதாம் கடைக்கு வந்தார். நீதிபதிகள் மாதம் ஒருமுறையாவது தூரத்துப் பட்டினங்களுக்கு வந்து வழக்குக் கேட்கவேண்டும் என்று ஒரு மனு எழுதியிருந்தார். கிராமத்துச் சனம் நிறையப் பேர் கையெழுத்து வைத்திருந்தார்கள். அண்ணைக்கு நடந்ததை அதன் அடியில் என்னை எழுதச் சொன்னார். எனக்கு பிரெஞ்சு எழுத வராது. கடைக்கார மாமா பேனையோடு உட்கார்ந்தார்.

"உன்ர அண்ணை பிந்தினதுக்குக் காரணம் என்னெண்டு எழுத, பிள்ளை?"

"பஸ் இல்லையெண்டு எழுதுங்கோ, மாமா."

அது பொய்யில்லை. பண்ணைக்குப் பக்கத்துப் பட்டினத்தில் நீதிபதி இருந்திருந்தால் ஒன்பது கழிய வெளிக்கிட்டிருந்தாலும் அண்ணை நேரத்துக்குப் போயிருப்பார். ஆனால் எட்டு மணி பஸ்ஸை விடச் சொன்னது நான்தான். அதை எழுத அந்தத் தாளில் இடம் இருந்தது. நான் கையெழுத்தை மட்டும் வைத்தேன்.

மதாம் போன கையோடு தொலைபேசி அடித்தது. யாரோ ஒரு அம்மா.

"பிள்ளை, நாளைக்கு ராகுகாலம் எத்தினை மணிக்கெண்டு கலண்டரைப் பாத்துச் சொல்லுறியே? மகனுக்கு விசாரணை."

நான் கலண்டர் பக்கம் திரும்பவில்லை.

"மகன் எங்கையிருந்து வாறார், அம்மா?" என்று கேட்டேன். "அங்கை பஸ் எத்தினை மணிக்கு?"