மாப்பிள்ளையை நகர்த்திய விரல்

எங்கள் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிற அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பன்னிரண்டு வருடத்தில் ஒரு புள்ளிகூட அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. நான் மெஷின் ஓட்டுகிறவன். வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி ஆசை ஆசையாக ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அவள் மேசையில் வைத்தார். திரையைத் தொட்டாலே வேலை செய்யும். அன்றைக்குப் பிடித்தது சனி. பல் டாக்டரின் கார்டில் போன் நம்பர் பாதி வெட்டுப்பட்டு வந்தது. அடுத்து, பள்ளி ஆண்டுமலரில் தலைமை ஆசிரியையின் பெயர் கூடைப்பந்து அணிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. அந்தம்மா வந்து ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அப்பப்பா!

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ பைண்டிங் பக்கம் போயிடும்மா," என்றார் முதலாளி.

"எனக்குக் கண்ணு போயிடுச்சு போல தம்பி," என்று அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். கண் டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். அதில் இன்னும் பயந்துவிட்டாள். கண் சரியென்றால் புத்தியா கெட்டுவிட்டது?

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் பார்த்து "சரி" சொல்லிவிட்டால், அதன்பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. நேரே மெஷினுக்கு.

நேற்று மகளின் கல்யாணப் பத்திரிகையைப் பார்க்க ஒருவர் வந்தார். அதை அச்சுக்கு எடுத்துப் போக நான் பக்கத்திலேயே நின்றேன். மனுஷர் எழுத்து எழுத்தாகப் பார்த்தார். "எல்லாம் சரிம்மா. எங்க மாப்பிள்ளை பேரு எவ்ளோ அழகா இருக்கு!" என்று திரையிலேயே பெயரைத் தடவிக் கொடுத்தார். அக்கா ஆர்டர் எழுதக் குனிந்திருந்தாள். மாப்பிள்ளை அவர் விரலோடு நழுவிப்போய்ப் பூ வேலைப்பாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"ஐயையோ, மாப்பிள்ளை ஓடிட்டாரு!" என்று கத்திவிட்டேன்.

பெண்ணின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அக்கா நிமிர்ந்து திரையைப் பார்த்தாள், அவர் விரலைப் பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு! "கண்ணு இல்ல தம்பி, விரல்! பல் டாக்டரும் விரல் வெச்சுத்தான் காட்டினாரு. அந்தத் தலைமை ஆசிரியையும்தான்!"

மாப்பிள்ளையை இழுத்துவந்து அவர் இடத்தில் உட்காரவைத்தாள். கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, தொடுதிரைக்கான வரியைத் தேடிப்பிடித்து 'டிஸேபிள்' கொடுத்து அணைத்தாள். ஒரு நிமிட வேலை.

முதலாளியைக் கூப்பிட்டோம். பெண்ணின் அப்பா நடந்ததை நடித்தே காட்டினார். முதலாளி நம்பாமல் திரையைப் போட்டுத் தேய்த்தார்.

"நல்லா அழுத்துங்க சார். திரை உடைஞ்சாலும் பேரு நகராது," என்றாள் அக்கா.

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. "மன்னிச்சிடும்மா."

"அது இருக்கட்டும் சார். தலைமை ஆசிரியைக்குப் போன் போடுங்க. இப்பவே, என் முன்னாடி."

போட்டார். "விரல் உங்களோடதுதான் மேடம்," என்று மென்று விழுங்கினார். அப்புறம் அக்காவைப் பார்த்துக்கொண்டே, "எங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைங்க," என்று சத்தமாகச் சொன்னார்.

அக்கா அழுது நான் பார்த்தது அப்போதுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.