இரண்டு கார்த்திகை வரும் சாலை

2025 அக்டோபர் 22, புதன்கிழமை. ஆந்திர எல்லைக்குள், சத்தியவேட்டிலிருந்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், கன்னிகாவின் தகரக் கொட்டகை மெஸ்ஸில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கோழி வெந்திருந்தது. மதியச் சைரன் அடித்தது. வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள்.

கன்னிகாவுக்கு வாலாஜாபாத் பக்கம். கணவருக்கு ஸ்ரீ சிட்டியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைக்கவே கூட வந்தவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆவணியில் மெஸ் போட்டார். இடத்துக்காரர் வைத்தது ஒரே நிபந்தனை: பொங்கலுக்குள் மதியப் பந்தி நிரம்பாவிட்டால் இடம் மொபைல் கடைக்காரருக்கு. அவர் ஏற்கெனவே ஒருமுறை வந்து சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

கடை போட்ட மறுமாதமே புரட்டாசி. அது கன்னிகா எதிர்பார்த்ததுதான். கும்மிடிப்பூண்டி, பொன்னேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற தமிழ்ப் பையன்கள் டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதம் கடையைத் தாங்கியது ரமணாவும் அவருடைய கூட்டாளிகளும். நாயுடுபேட்டைக்காரர்கள், ஏ.சி. பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அவர்கள் வீட்டில் புரட்டாசி என்று ஒரு மாதமே கிடையாது. தினமும் ஈரல் கேட்டுச் சாப்பிட்டார்கள்.

"எங்காளுங்க பெருமாளுக்குன்னு வாயக் கட்டிக்கினு கெடக்கறாங்க. அவரு இருக்கறது உங்க ஊரு மலையில. நீங்க இன்னாடான்னா ஈரல் துன்னுக்கினு இருக்கீங்க" என்று கன்னிகா சீண்டுவார்.

"மா ஊரு சாமி அக்கா. பக்கத்துலயே இருக்காரு, கோச்சுக்க மாட்டாரு" என்பார் ரமணா.

அதே ரமணா தீபாவளிக்கு முன்பே சொல்லியும் வைத்தார்: "அக்கா, கார்த்தீகம் வந்துட்டா நாங்க கறி தொட மாட்டோம்."

"அதுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குதுப்பா. அப்போ பாத்துக்கலாம்."

கன்னிகாவின் கணக்கு அவர் ஊர்க் கணக்கு. ஐப்பசி முடிந்து நவம்பர் நடுவில் பிறக்கிற கார்த்திகை. ஐயப்பனுக்கு மாலை போடும் நாலு பேர் வர மாட்டார்கள், அவ்வளவுதான். ரமணாவின் கார்த்தீகமோ தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே பிறந்துவிடும். பெயர் ஒன்று, பஞ்சாங்கம் இரண்டு. புரட்டாசி முடிந்ததும் வாலாஜாபாத்தில் கறிக்கடை வாசலில் கூட்டம் நெரிவதைப் பார்த்து வளர்ந்த கன்னிகா, கோழி போடும் வேங்கடாசலத்திடம் இரண்டு மடங்கு அனுப்பச் சொல்லியிருந்தார்.

நிறைந்த அண்டாவை மூடிவிட்டு வெளியே வந்து பார்த்தால், ரமணாவின் கூட்டம் எதிர்ச்சாரியில் சந்தியாவின் டிபன் கடை வாசலில் நிற்கிறது. சந்தியாவுக்குப் புத்தூர். வெங்காயம், பூண்டுகூட இல்லாத சைவக் கடை. காலை இட்லியோடு வியாபாரம் முடித்து அடுப்பைக் கழுவிவிடுவார். கன்னிகா விறுவிறுவென்று சாலையைக் கடந்தார்.

"இன்னா சந்தியா, எங்காளுங்கள நீ இழுத்துக்கினியா?"

"நான் எங்கக்கா இழுத்தேன்? அன்னம் போடு, பப்பு போடுன்னு இவங்கதான் உயிர வாங்கறாங்க. கார்த்தீகம் புட்டிந்தி கதா, பொறந்துடுச்சில்ல."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான் அக்கா" என்றார் ரமணா. "சொன்னேனே."

கோழிக்கான பணத்தை வாங்க அப்போதுதான் வண்டியை நிறுத்திய வேங்கடாசலம் சிரித்தார். தலைமுறை தலைமுறையாகச் சத்தியவேட்டில் பயிர் வைக்கிற தமிழ்க் குடும்பம். "நீ டபுள் கேட்டப்போ எங்கயோ கல்யாண ஆர்டர் புடிச்சிட்டேன்னு நெனச்சேன்மா. இந்த ரோட்ல ரெண்டு ஊரு விரதமும் உண்டு. ஒரு மாசம் இவங்க, ஒரு மாசம் அவங்க."

கன்னிகா ரமணாவைப் பார்த்தார். "தனியா பருப்பு வெச்சித் தரேன், வாங்க."

"கறி வெந்த எடத்துல வேணாம் அக்கா. அம்மாவுக்குத் தெரிஞ்சா ஊட்டுல சேக்க மாட்டா. அந்தாண்ட பெரிய மெஸ்ஸுல சைவம் தனியா போடறாங்களாம். மாச டோக்கன்."

அந்த டோக்கன்தான் கன்னிகாவுக்கு உறைத்தது. ஒருமுறை டோக்கன் வாங்கிவிட்டால் அந்தக் கூட்டம் அந்தப் பக்கமே தங்கிவிடும். கறியை நிறுத்தவும் வழியில்லை. ஒரு மாதம் காய்ந்த தமிழ்ப் பையன்கள் உள்ளே எலும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சந்தியா, மதியம் நீ அடுப்பு மூட்டு" என்றார். "அரிசி நான் தரேன், பிரிக்காத மூட்டையாவே. காய் நறுக்க ஆள் அனுப்பறேன். குளிச்சிட்டுதான் வருவா. ஆனா கார்த்தீகம் முடிஞ்சதும் இவங்க எங்கடைக்கு."

"உன் அரிசி, என் கையி. ருசி புடிச்சிப் போயி எங்கிட்டயே நின்னுட்டாங்கன்னா?"

"நின்னா நின்னுட்டுப் போறாங்க. அந்தாண்டப் போறதுக்கு எதிர்க்கவே இருக்கட்டும். கண்ணுலயாவது படுவாங்க."

அன்றைய மிச்சக் கோழியைக் கரையேற்றியவர், உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த கும்மிடிப்பூண்டித் தமிழ்ச்செல்வன். கன்னிகா மெஸ்ஸில் இன்று ஒரு துண்டு கூடுதல் என்று அடுத்த ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்டதுதான் தாமதம், அண்டாவின் அடி தெரிந்தது. மறுநாளிலிருந்து கோழி பாதியாயிற்று. ஒரு மாதம் முழுக்க எதிரில் பப்பு, ரசம் வாசனை வந்தது. மஞ்சள் வெள்ளரி போட்டுச் சந்தியா வைக்கும் தோசைக்காய்ப் பப்பை ரமணா விரல் சூப்பிச் சாப்பிடுவதை இந்தப் பக்கத்திலிருந்து கன்னிகா பார்த்துக்கொண்டே இருந்தார். குழம்பில் மிளகு கொஞ்சம் கூட்டினார்.

நவம்பர் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை. விடியலில் ஏரியில் விளக்கு விட்டுக் கார்த்தீகத்தை முடித்த ரமணாவின் கூட்டம், மதியம் சாலையின் இந்தப் பக்கம் வந்தது.

"ஈரல் உந்தா அக்கா?"

"உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன், உக்காரு."

எதிரில், கழுத்தில் மாலையோடு சந்தியாவின் கடைக்குள் குனிந்து நுழைந்துகொண்டிருந்தார் தமிழ்ச்செல்வன். அவருடைய கார்த்திகை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

"சாமி, பப்பு நல்லாருக்கும், சாப்புடுங்க" என்று கன்னிகா இங்கிருந்தே குரல் கொடுத்தார். "அரிசி நம்முளுதுதான்."

பொங்கலுக்கு முந்தின வாரம் இடத்துக்காரர் வந்தபோது பந்தியில் இடமில்லை. நின்றபடி சாப்பிட்டுவிட்டு வாடகைச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார்.

2026-இல் கார்த்தீகம் நவம்பர் பத்தாம் தேதி பிறக்கிறது. அன்றிலிருந்து கோழி பாதி போதும் என்று வேங்கடாசலத்திடம் கன்னிகா இப்போதே சொல்லிவிட்டார்.