மருமகனுக்குத் தெரியாத தண்ணீர்

கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குக் குடிவந்த மூன்று மாதத்தில் என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. குடித்த கோப்பையைக் கழுவப் போனால் மாமி ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார். முற்றத்தில் தென்னோலை விழுந்தால் நான் எழும்புமுன் மாமா இழுத்துக்கொண்டு போய்விடுவார். மருமகனுக்குக் கதிரையில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான். எனக்கு வெறுத்துப் போயிருந்தது. இந்த வீட்டில் எனக்கென்று ஒரேயொரு வேலை கிடைத்தால் போதும் என்று மனைவியிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அவள் சிரித்ததோடு சரி.

ஆகவே, பள்ளிக்கூட லீவு தொடங்கிய இரண்டாம் நாள் காலையில் குசினிக் குழாய் புர்ரென்று துப்பியபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முதலில் காற்றும் தண்ணீருமாக இருமியது. மாமா பின்பக்கம் போய்வந்த கொஞ்ச நேரத்தில் தேயிலைச் சாயத்தில் தண்ணீர் வந்தது. நான் ஸ்பேனரைத் தேடினேன்.

"விடுங்க மகன், மாமா பாத்துக்குவார்" என்றார் மாமி.

"முந்தல் டவுனுக்கு ஒரு சுத்துப் போய் வருவமா மகன்?" என்று மாமா நாலாவது தரமாகக் கூப்பிட்டார்.

நான் விஞ்ஞான வாத்தியார். அசைவேனா? குழாய் வாயிலிருந்த சல்லடையைக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. குளியலறைக் குழாயைத் திறந்தேன். அங்கேயும் அதே துப்பல், அதே நிறம். இரண்டுக்கும் ஒரே நோய் என்றால் கோளாறு மேலே டேங்கில்தான் என்று பாடமே நடத்தினேன். மாமியும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் அறிவில் சொக்கிப்போனார்கள் என்று நினைத்தேன். என்ன மடையன் நான்!

ஏணியைச் சாத்தி ஏறி மூடியைத் திறந்தால் அடியில் ஒரு சாண் கலங்கல். கிணற்று மோட்டரின் பழைய குழாயிலிருந்து துருவும் தண்ணீருமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஒரே உப்பு. மூன்று மாதமாக நான் குளித்தது இதுவல்லவே! கடலோரத்துத் தண்ணீரை நினைத்துக் கவலைப்பட்ட உம்மாவுக்கு, நம்மூர்க் குருநாகல் தண்ணீரே தோற்றது என்று வாரம் தவறாமல் போனில் அளந்தவன் நான்.

அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் பவுசர் லொறி வாசலில் வந்து நின்றது. சாரதி இறங்கி, கேட்டடியில் நின்ற மாமாவிடம் உரத்துக் கேட்டார்:

"மருமகன் வெளிய போயிட்டாரா ஹாஜியார்? வழமை போல டேங்குக்கு அடிக்கவா?"

மாமா கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார், கடைசியில் இருமினார். சாரதிக்கு ஒன்றும் ஏறவில்லை.

"ஓம் நானா, அடிங்க" என்றேன் மேலேயிருந்து. "ஹோஸ இங்கால தாங்க."

முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாம் வெளியே வந்தது. நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான் நல்ல தண்ணீர் பவுசர் வருமாம். லீவில் நான் வீட்டோடு இருந்ததால் அதை உள்ளே எடுக்க முடியாமல் டேங்க் வற்றிவிட்டதாம். மாமா வேறு வழியில்லாமல், மூன்று மாதம் ஓடாமல் கிடந்த மோட்டரைப் போட்டாராம். உப்புத் தண்ணீரைக் கண்டால் மருமகன் ஊருக்கே ஓடிவிடுவார் என்று மாமிக்குப் பயம். அவர்கள் மூவரும் இத்தனை நாளும் கிணற்றடியில் உப்புத் தண்ணீரைத்தான் அள்ளிக் குளித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இத குடிக்க மட்டும் வச்சுக்குவம் மாமி. குளிக்க எனக்கும் கிணத்துத் தண்ணிதான்."

"அல்லாவே!" என்று மாமி தலையில் கைவைத்தார்.

அன்றே குளித்தேன். சவர்க்காரம் நுரைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. தலைமயிர் தேங்காய்த் தும்பு போல விறைத்து நின்றது. கண்ணாடியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

வெளியே வந்தபோது மாமா கிணற்றடியில் குந்தியிருந்து துருப்பிடித்த குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கதிரையில் இருக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் தலையைப் பார்த்தார், சிரிப்பை விழுங்கினார், ஸ்பேனரை நீட்டினார்.

"அந்தப் பக்கத்த இறுக்கிப் புடிங்க மகன். நாளைக்கும் வேல கிடக்கு."