மணலில் நிற்காத குழி

நான் ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது. புயல் கரை கடந்த மறுநாள், தேனியிலிருந்து லைன்மேன்கள் எங்கள் எட்டுப் பேரை வேனில் ஏற்றிவிட்டார்கள். கூடவே ஒரு உதவிப் பொறியாளர். போய் இறங்கிய மீனவ ஊரில் ஒரு கம்பம்கூட நேராக இல்லை. தென்னைகள் எல்லாம் சீப்பால் வாரிவிட்ட மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. கரண்டு இல்லாமல் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

எங்கள் பொறியாளர் மணலைக் காலால் எத்திப் பார்த்தார்.

"ஏப்பா, நம்ம மலையில, கம்பம்மெட்டுப் பாறையில குழி போட்ட ஆளுக நாம. இது வெறும் மணலு. மத்தியானத்துக்குள்ள பத்துக் கம்பம் நட்டுறலாம்."

மத்தியானம்வரை ஒன்றுகூட நடவில்லை. இரண்டடி தோண்டினால் நாலு பக்கமும் மணல் சரிந்தது. மூன்றடியில் தண்ணீர் வேறு ஊறியது. குழி ஆழமாகவில்லை, அகலமாகிக்கொண்டே போனது. கடைசியில் எங்களில் இளையவன் சுந்தரபாண்டி இடுப்பளவு மணலுக்குள் போய்விட்டான்.

"அண்ணே, கம்பத்த விட்டுட்டு என்னைய நட்டுட்டீகளே!"

கவிழ்ந்த படகின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பெயர் செபஸ்தியம்மாள், மீன் விற்கிறவர். அவர் வீட்டுக் கூரையைக் காற்று கொண்டுபோயிருந்தது.

"புயலடிச்சதுலேருந்து இப்பத்தான் சிரிக்கிறேன்" என்றவர் எழுந்து போய், வீட்டில் மிஞ்சியிருந்த தண்ணீர் ட்ரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அடிய அறுத்துட்டு, நெட்டுவாக்குல ரெண்டாப் பொளந்து, கயித்தால கட்டி எறக்குங்க. அதுக்குள்ள தோண்டுங்க. எங்க கெணத்துக்கு உறை எறக்குறதும் இப்படித்தான்."

எனக்கு மனசு வரவில்லை. "ஆத்தா, இத அறுத்துட்டா தண்ணிய எதுல பிடிச்சு வைப்பீக?"

"இப்ப மட்டும் அதுல என்ன இருக்கு? மொதல்ல கரண்ட குடுங்க தம்பி."

அறுத்தோம். குழி இறங்க இறங்க ட்ரம்மும் இறங்கி மணலைத் தடுத்தது. கம்பத்தை நிறுத்தி, கல்லும் மணலும் போட்டு இறுக்க இறுக்க ட்ரம்மை மேலே தூக்கினோம். தரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்தால் இரண்டு பாதியாகக் கழன்றுவிடும். அதே ட்ரம் அடுத்த கம்பத்துக்குப் போகும்.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் ஓடியது. தெருக்குழாயில் வந்த முதல் சொம்புத் தண்ணீரைச் செபஸ்தியம்மாள் பொறியாளரிடம் நீட்டினார்.

"குடிங்க சார். நேத்து காலையில ரொம்பப் பேசுனீங்க, தொண்ட காஞ்சிருக்கும்."

அவர் சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

இப்போது வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வெளியூர் வேலைக்குப் போனால், கடப்பாறையை இறக்குவதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்: "இங்கன கெணறு எப்படி வெட்டுவீக?" அதைக் கேட்காததால்தான் நாங்கள் எட்டுப் பேரும் அரை நாள் குழிக்குள் நின்றோம்.