மீனாம்பாள் கட்டிக்கொண்ட கயிறு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் விழுந்த காசிநாதனை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டு நாளாகிவிட்டது. அவர் மனைவி பிள்ளை பெற்று ஆறு நாள்தான்; எழுந்து நடக்க முடியாது. தெருமுனை தாண்டிப் பழகாத மூத்த மகள் மீனாம்பாளைத்தான் மாற்றுத்துணியோடு ரயிலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வயது பதினைந்து.

ஒண்டியாகப் போகும் பெண்ணிடம் இனிக்க இனிக்கப் பேசி, கப்பலேற்றி ரப்பர்த் தோட்டத்துக்கு விற்றுவிடுவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அதனால் பெரிய மனுஷி வேஷம் போட்டாள். அம்மாவின் மெட்டியை எடுத்து மாட்டினாள். தெரு திரும்பியதும் மஞ்சள் கயிறு ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகாத பெண் செய்கிற காரியமா அது? ஆனாலும் முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

பெண்கள் பெட்டியில் எதிரே இருந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம்.

"எங்கம்மா, ஒண்டியா?"

"வேலூருக்கு. எனக்கின்னா, மாசம் ரெண்டு தடவை போய்ட்டு வர்றேன். பட்ணம்கூடப் பார்த்திருக்கேன்."

"வீட்டுக்காரர் இன்னா வேலை?"

"ஜோலார்பேட்டையில, ரயில்வேல."

"பேரு?"

"துரைசாமி" என்றாள் மீனாம்பாள், பாடம் ஒப்பிப்பதுபோல.

பெட்டியில் நாலு தலை திரும்பியது. எந்தப் பெண்டாட்டி புருஷன் பெயரை இப்படிப் பட்டென்று சொல்வாள்? சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எதிரே இருந்தவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து ஒட்டி உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் வேலூர்தான். என்கூட வா" என்றாள் காதோடு.

குடியாத்தம் வந்தது, போனது. பிடி தளரவில்லை. கத்தலாம் என்றால், சொன்ன பொய்யெல்லாம் வெளியே வந்துவிடும். காட்பாடியில் இறங்கி வண்டி மாறும்போதும் அந்தப் பெண் கையை விடவில்லை. இது வேலூர் வண்டிதானா, கப்பலுக்குப் போகிற வண்டியா? அப்பா முகத்தை இனிமேல் பார்க்கவே போவதில்லை என்று தோன்றியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில்தான் கையை விட்டாள். விட்டவள் ஒரு மரத்துக்குப் பின்னால் போய், முந்தானையால் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள். கழுத்திலிருந்த கயிற்றையும் கழற்றினாள்.

"அக்கா, அது..."

"அவர் போய் நாலு வருஷமாச்சு. இங்க வார்டு பெருக்குறேன், உள்ள எல்லாருக்கும் என்னைத் தெரியும். ரயிலுக்கு மட்டும்தான் இது. எனக்கும் பயம்தான்டி."

மீனாம்பாளின் கை தன் கழுத்துக்குப் போனது. இதோடு அப்பா முன்னால் போய் நின்றிருப்பாளே. முடிச்சு அவள் விரலுக்கு அவிழவில்லை. தேவகி, அதுதான் அந்தப் பெண்ணின் பெயர், அவிழ்த்துவிட்டாள். இரண்டு கயிற்றையும் சேர்த்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"போ. உங்கப்பா பேரைக் கேப்பாங்க. அதைத் தைரியமா சொல்லு."

"காசிநாதன்" என்று வாசல்காரரிடம் சொல்லும்போதே மீனாம்பாளுக்கு அழுகை பொங்கிவிட்டது.

"இருக்காரு, போம்மா" என்றார் அவர்.