யாருடைய சாம்பிள் என்று சொல்லாத ஜெசிந்தாக்கா

சென்ற வாரம் ஒரு காலையில் ஜெசிந்தாக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எங்களுக்குள் வணக்கம், நலமா எல்லாம் கிடையாது. "பயமா இருக்கா?" என்று ஒருவர் கேட்க வேண்டும். "இருக்கு" என்று மற்றவர் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் வேறு பேச்சு. அன்றும் எடுத்தவுடன், "ஏனுங்க்கா, பயமா இருக்குதா?" என்றேன். மறுமுனையில் அவருடைய மகள், "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம்.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் அவரைத் துணிச்சல்காரி என்கிறீர்கள். துக்கம் கேட்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் பார்த்ததிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி ஜெசிந்தாக்காதான். என்னைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன்.

திருப்பூரில் வெளிநாட்டு ஆர்டர்கள் சுருங்கிப்போன அந்த வருடத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். அவிநாசியில் என் அப்பா வேலை பார்த்த, பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டில் பாதி மெஷின்கள் நின்றுவிட்டன. மீதி எப்போது நிற்கும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அப்போது ஒரு ஏற்றுமதி கம்பெனி முதலாளி, இனி மொத்தமாக வாங்கும் வெளிநாட்டுப் பையர்களை மட்டும் நம்பிப் பயனில்லை என்று, டி-ஷர்ட்டுகளை நேரடியாக விற்க இணையத்தில் ஒரு கடை திறந்திருந்தார். ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், வாங்காமல் போனார்கள். அப்படிப் போகிறவர்களை வாங்க வைப்பதற்கு ஓர் ஆள் தேவை என்று விளம்பரம் செய்தார். அந்த வேலைக்குக் கன்வெர்ஷன் என்று ஏதோ நீளமான பெயர் உண்டு என்பதே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். காங்கேயத்தில் மாமாவின் எண்ணெய் மில்லுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். என் அனுபவம் மொத்தமும் அதுதான்.

நேர்காணலுக்கு வந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும். ஜெசிந்தாக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கணவருக்குத் தையல் வேலை. அதுவும் வாரத்தில் பாதி நாள் இல்லை. கம்ப்யூட்டர் சென்டரில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர், அந்தச் சென்டரும் மூடப்போகிறது என்று வந்திருந்தார். வெளியே பெஞ்சில் அவருடைய கால் ஆடிய ஆட்டத்தில் பெஞ்சே ஆடியது. என் கால் ஆடியதும் அதில் கலந்திருக்கலாம்.

முதலாளி எங்கள் முன்னால் ஒரு டி-ஷர்ட்டைப் போட்டு, "பாருங்க அம்மிணி" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் அதை உள்பக்கமாகத் திருப்பித் தையலைப் பார்த்தோம். எங்கள் ஊரில் பனியனைக் கையில் எடுத்தால் எவரும் முதலில் செய்வது அதுதான். அவர் முகம் மலர்ந்தது. "அனுபவம் உண்டுங்களா?" என்றார். நான் எண்ணெய் மில்லை எப்படிப் பெரிதாக்கிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாக்கா முந்திக்கொண்டார்.

"அனுபவம் இல்ல சார். பயம் இருக்கு. பயந்தவ வேலையில அசால்ட்டா இருக்க மாட்டா."

முதலாளி சிரித்துவிட்டு, குண்டைப் போட்டார். "எந்த ஆர்டர்னாலும் ரெண்டு எடத்துல சாம்பிள் போட்டுப் பாத்து, ஒண்ணத்தான் எடுப்பேனுங்க. இதுலயும் அப்படித்தான். ரெண்டு பேரும் வேலைக்கு வாங்க. ஆளுக்கொரு பேஜ் பண்ணுங்க. எது நல்லா விக்குதோ, அவுங்க இருந்துக்கலாம்."

அன்றிலிருந்து ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் டைப் அடிக்கும் சத்தம் கேட்டாலே, ஏதோ கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறதே என்று நினைப்பேன். அவருக்கும் அப்படித்தானாம், பிறகு சொன்னார். நான் சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். அவர் கைப்பைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பாவம், இரண்டு பேரின் சாமியும் என்ன செய்யும்?

ஒரு மதியம் அவர் மகளுக்குத் துணி எடுக்க, பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டைக்குப் போனார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. கடையில் உள்ளூர்க்காரர்கள் வழக்கம்போலப் பனியனைத் திருப்பித் திருப்பித் தையல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர்த் தம்பதியர் வந்தார்கள். அந்தப் பெண் டி-ஷர்ட்டை எடுத்துத் தன் மார்பின் மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். உள்பக்கம் அவளுக்கு நினைவிலேயே இல்லை. நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் இணையக் கடையில் ஒவ்வொரு சட்டைக்கும் முதல் படமாக உள்பக்கம் திருப்பிய சட்டையைத்தான் போட்டிருந்தார்கள், தையல் சுத்தமாகத் தெரியட்டும் என்று. ஊரே சேர்ந்து செய்த தவறு. எங்களில் ஒருவர் கண்ணுக்கும் அதுவரை படவில்லை.

முதலாளியிடம் சொன்னபோது அவருக்கு மனமே வரவில்லை. "உள்பக்கத்த மறைச்சா, என்னமோ கோளாறு இருக்குதுன்னு நெனைக்க மாட்டாங்களாங்க?" என்றார். அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் இரண்டு பேஜ் தயாரானது. ஒன்றில் சட்டை நேராக ஹேங்கரில் தொங்கியது. மற்றதில் ஓர் ஆள் அதைப் போட்டிருந்தார். மாடலுக்கு எங்கே போவது? ஜெசிந்தாக்காவே சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டு நின்றார். படத்தில் முகம் வேண்டாம் என்று கழுத்தோடு வெட்டினோம். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு பேஜும் மீதிப் பேருக்கு இன்னொன்றும் காட்டும்படி வைத்தோம்.

விற்பனை கூடியது. ஒரு பேஜ் மற்றதைவிட நன்றாகவே விற்றது. முதலாளி கூப்பிடுவதற்கு முன்னால் மாடிப்படியில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏட்டி, எது யாருதுன்னு சொல்லாத."

"ரெண்டு பேரையுமே தொரத்தி உட்டுட்டா என்னுங்க்கா பண்றது?"

"எனக்கும் அந்தப் பயந்தான். அதுக்காவ ஒருத்தி சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு இன்னொருத்தி திங்கவா?"

அப்பாவின் முகமும் நின்றுபோன மெஷின்களும் எனக்குள் வந்து போயின. சரி என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை.

உள்ளே முதலாளி கேட்டார். "இதுல செயிச்சது யாருதுங்க?"

"சொல்ல மாட்டோம் சார்" என்றார் ஜெசிந்தாக்கா. குரல் நடுங்கியது.

"அப்ப ரெண்டு பேரும் கெளம்பிக்கிறீங்களா?"

அக்காதான் பேசினார். "அனுப்புனா போறோம் சார். ரெண்டு பேரும் சேந்து பாத்ததுனாலதான் உள்பக்கம் தப்புன்னு தெரிஞ்சுது. தனித்தனியா இருந்தா ரெண்டு பேரும் இன்னும் தையலத்தான் பாத்துக்கிட்டு இருப்போம்."

முதலாளி எங்களை மாறி மாறிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றால் என் இதயம் துடிப்பது அறை முழுக்கக் கேட்கும் என்று பயந்தேன். பிறகு அவர் கதவருகே நின்ற ஆபீஸ் பையனைப் பார்த்து, "டீ சொல்லுங்க கண்ணு, மூணு" என்றார். அவ்வளவுதான். வேலை உண்டு என்று கடைசிவரை அவர் வாயால் சொல்லவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை, பயம்தான்.

அதற்குப் பிறகு வேறு வேறு கம்பெனிகளுக்குப் போனோம். ஒவ்வொரு புது வேலைக்கு முன்னாலும் அவரைக் கூப்பிட்டு அழுவேன். "பயம் போன பொறவு வேலைக்குப் போவலாம்னு இருந்தா ரிட்டையர் ஆவுற வயசுதாம்டி வரும். பயத்தையும் கூட்டிட்டே போ" என்பார். சொல்லிவிட்டுத் தன் பயத்தை என்னிடம் கொட்டுவார். இரண்டு பேரும் மாறி மாறித் தைரியம் சொல்லியே காலத்தை ஓட்டினோம்.

அடக்கத்துக்கு முதலாளியும் வந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றவர், "இப்பவாச்சும் சொல்லுங்க கண்ணு. அந்தப் பேஜ் யாருது?" என்றார்.

அன்று அந்த அறையில் வந்த பயம் அப்படியே திரும்ப வந்தது. சொன்னால் இருவரில் ஒருத்தி, எடுக்காமல் விட்ட சாம்பிள் ஆகிவிடுவாள். உள்ளே மண்ணை அள்ளிப் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சொல்ல மாட்டோமுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

ஜெசிந்தாக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு ரகசியமும், போனை எடுத்தவுடன் நாங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்வியும். ரகசியத்தை நான் தனியாகவே வைத்துக்கொள்ள முடியும். கேள்வியைத்தான் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அதைக் கேட்க இனி ஆளில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் பதில் மட்டும் வந்துவிடுகிறது.

இருக்குதுக்கா. ரொம்பவே இருக்குது.